மங்கில் கட்டும் பாலும் நெஞ்சில் கட்டும் சளியும்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனைதான். ஆனாலும் கித்தா (ரப்பர்) மரம் அடியோடு போய்விடவில்லை. கட்டிப்பால் மூட்டை ஏற்றிய லோரி முன்னால் போனால், காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் பின்னால் போக வேண்டும். அந்த நாற்றம் கித்தாவுடையது இல்லை. விடியற்காலையில் மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கோப்பையில், சொட்டும் பாலில் அப்படியொரு நாற்றமே இருக்காது. பட்டையிலும் மங்கிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியா, பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகிறது. அமிலம் ஏற ஏறப் பால் தானாகவே கட்டிக்கொள்கிறது. கட்டிய பாலின் உள்ளே காற்றோட்டம் இல்லை. அங்கே காற்று வேண்டாத இன்னொரு கூட்டம் குடியேறி, மிச்சமிருக்கும் சர்க்கரையையும் புரதத்தையும் சிதைத்து அசெட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களை வெளியே தள்ளுகிறது. லோரிக்குப் பின்னால் நாம் மூக்கைப் பிடிப்பது இவற்றுக்காகத்தான். முதல் கூட்டம் செய்து வைத்த இடம் இல்லாமல் இரண்டாவது கூட்டத்துக்குப் பிழைப்பில்லை.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வந்தவரின் மூச்சுக்குழாயில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான், அந்த அமிலங்களின் பெயர்கள் உட்பட. ஆய்வுக்கூட ரிப்போர்ட்டில் ஒரு கிருமியின் பெயர் இருக்கும், அதன் கீழே மருந்துப் பட்டியல் இருக்கும். சளிக்குள் இருப்பதோ ஒரு முழு லயம், தோட்டத்து வரிசை வீடு மாதிரி. சுவருக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார், யார் யாருக்குச் சோறு போடுகிறார், யார் யாருக்கு விஷம் வைக்கிறார் என்பதைப் பொறுத்து, அதே கிருமி அதே மருந்துக்கு ஒரு மாதம் சாகும், மறுமாதம் சாகாது.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. ஏழாம் குரோமோசோமில் உள்ள சி.எஃப்.டி.ஆர். என்ற மரபணு பழுதாக இருப்பதால் வருவது இது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்து சேர்ந்தால்தான் நோய். 1989-ல் லாப்-சீ சூய், ஜான் ரியோர்டன், ஃபிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் மரபணுவைக் கண்டுபிடித்தன. அது செய்து தரும் புரதம், உயிரணுச் சவ்வில் குளோரைடும் பைகார்பனேட்டும் போய்வரும் வாசல். வாசல் திறக்காவிட்டால் உப்பு வெளியே வராது, உப்பு வராத இடத்துக்குத் தண்ணீரும் வராது. மூச்சுக்குழாயின் உள்பரப்பில் சளி வற்றிப் பிசினாகிறது. சளியை மேல்நோக்கித் தள்ளும் நுண்மயிர்கள் அதில் சிக்கி நிற்கின்றன. வியர்வையில் மட்டும் தலைகீழ். அங்கே உப்பைத் திரும்ப உள்ளே இழுக்க முடியாமல் போவதால் வியர்வை கரிக்கும். வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் உறுதியாகும் பக்கம். 30-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் இல்லை. 1948-ல் நியூயார்க்கில் அடித்த கடும் வெயிலில் இந்நோய்க் குழந்தைகள் உப்பிழந்து சுருண்டு விழுந்ததைப் பார்த்துத்தான் வியர்வையின் பக்கம் மருத்துவர்களின் கவனமே திரும்பியது. நம் ஊரில் வருடம் முழுக்க அதே வெயில்தான்.

மலேசியாவில் இது அரிதாகவே கண்டறியப்படுகிறது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் இங்கே நாடு முழுக்கப் பார்ப்பது ஜி6பிடி குறைபாட்டையும் தைராய்டு குறைபாட்டையும்தான். இந்தியப் பின்னணி உள்ளவர்களுக்கு இந்நோய் வராது என்ற நினைப்பு வேறு பரவிக் கிடக்கிறது. ஐரோப்பியர்களிடம் மிகுதியாகக் காணும் எஃப்508டெல் என்ற மரபணு மாற்றம் நம்மவர்களிடம் குறைவு என்பது சரி. வராது என்பது சரியில்லை. தோட்டத்து ஊரில் ஒரு பிள்ளை மாதக்கணக்கில் சளியோடு இருமினால், முதலில் இழுப்பு என்பார்கள், பிறகு காசநோய்க்குப் பார்ப்பார்கள். காசநோய்க்குப் பார்க்கவும் வேண்டும், அது இங்கே இன்னும் இருக்கிறது. அது இல்லை என்று வந்த பிறகும் இருமல் நிற்காமல், எண்ணெய் மிதக்கும் மலமும் போய், எடையும் ஏறாமல் இருந்தால் வியர்வைப் பரிசோதனையைக் கேட்க வேண்டும். அதற்கு ஈப்போவோ கோலாலம்பூரோ போக வேண்டியிருக்கலாம். இன்னொன்று: பழைய காசநோயாலோ சின்ன வயது நிமோனியாவாலோ மூச்சுக்குழாய் விரிந்து கெட்டுப்போன பெரியவர்கள் தோட்டப்புறத்தில் உண்டு. அந்த நோய்க்குப் பிராங்கியெக்டாசிஸ் என்று பெயர். சளியில் குடியேறும் கிருமிகளும் அவற்றின் சண்டை சச்சரவும் அவர்களுக்கும் பெரும்பாலும் இதே மாதிரிதான். ஆகவே கீழே வருவதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

முதலில் வந்து சேர்பவை ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸும் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளூயன்சேவும். இவை குழந்தைப் பருவத்துக் குடிகள். வயது ஏற ஏறச் சூடோமோனாஸ் எருஜினோசா நுழைகிறது. எருஜினோசா என்றால் லத்தீனில் செம்புக் களிம்பு ஏறியது என்று பொருள். குத்துவிளக்கைத் துலக்காமல் விட்டால் பூக்குமே, அந்தப் பச்சை. பயோசயனின் என்ற நீலச்சாயமும் பயோவெர்டின் என்ற மஞ்சள்பச்சைச் சாயமும் சேர்ந்து அந்த நிறத்தைத் தருகின்றன. இரண்டும் அழகுக்காக இல்லை. பயோசயனின் பக்கத்து உயிரணுக்களின் மூச்சைக் கெடுக்கும் விஷம். பயோவெர்டின், சுற்றிலும் உள்ள இரும்பை வாரி வளைத்துக்கொள்ளும் வலை.

சூடோமோனாஸுக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸுக்கும் இடையில் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் மருந்து வேலை செய்யாமல் போவதன் சூட்சுமம் இங்கே இருக்கிறது. சூடோமோனாஸிடம் லாஸ்ஏ என்ற நொதி உண்டு. ஸ்டெஃபிலோகாக்கஸின் வெளிச்சுவர் ஐந்து கிளைசின் கண்ணிகளால் தைத்தது. லாஸ்ஏ அந்தத் தையலை அறுக்கும். சுவர் பிளந்து செத்துப்போன ஸ்டெஃபிலோகாக்கஸிலிருந்து கொட்டும் இரும்பைச் சூடோமோனாஸ் எடுத்துக்கொள்ளும். இது நேரடிக் கொலை. இன்னொரு ஆயுதம் எச்.க்யூ.என்.ஓ. என்ற சிறு மூலக்கூறு. அது கொல்வதில்லை, மூச்சை அடைக்கிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆக்சிஜனைக் கொண்டு சக்தி எடுக்கும் சங்கிலியை நடுவில் வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்டது சாகாமல், புளிக்கவைத்துப் பிழைக்கும் வழிக்கு மாறிக்கொள்கிறது. வளர்ச்சி மெதுவாகிறது, உடம்பும் சிறுத்துவிடுகிறது. இந்த நிலை நீடித்தால், அப்படியே குறுகி வாழ்வதற்கென்றே மரபணு மாறிய வகைகள் பெருகுகின்றன. குறுங்குடி வகை என்று சொல்லலாம்.

இதில் நமக்கு என்ன நட்டம்? ஜென்டமைசின், டோப்ராமைசின், அமிகாசின் எல்லாம் ஒரே குடும்பத்து மருந்துகள். பாக்டீரியாவின் சவ்வில் உள்ள மின்னழுத்தம்தான் இவற்றை உள்ளே இழுக்கிறது. அந்த மின்னழுத்தத்தைத் தருவது, எச்.க்யூ.என்.ஓ. வெட்டிப்போட்ட அதே மூச்சுச் சங்கிலி. சங்கிலி அறுந்த ஸ்டெஃபிலோகாக்கஸுக்குள் மருந்து போகாது. எதிரி வைத்த விஷமே அதற்குக் கவசமாகிவிடுகிறது. சூடோமோனாஸை ஒழிக்க மாதக்கணக்கில் டோப்ராமைசினைப் புகைக் கருவி (நெபுலைசர்) வழியாக மூச்சில் இழுக்கும் நோயாளியின் நெஞ்சில், ஸ்டெஃபிலோகாக்கஸ் ஏன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வாங்கோமைசின் விஷயத்தில் இன்னும் குழப்பம். அந்த மருந்து தாக்குவது ஸ்டெஃபிலோகாக்கஸின் சுவரை. லாஸ்ஏ ஏற்கெனவே சுவரை அறுத்து வைத்திருந்தால் வாங்கோமைசினுக்குக் கொண்டாட்டம், சீக்கிரம் கொல்லும். எச்.க்யூ.என்.ஓ. மிகுந்திருந்தால் கதை வேறு. வளராத கிருமி சுவர் கட்டுவதில்லை, சுவர் கட்டாத கிருமியை அந்த மருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆக, பக்கத்தில் சூடோமோனாஸ் இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது. அது எந்த ஆயுதத்தை எவ்வளவு செய்கிற சூடோமோனாஸ் என்பதைப் பொறுத்து ஒரே மருந்தின் பலன் இரண்டு திசையில் போகும்.

இதை ஆய்வுக்கூடத் தட்டில் பார்த்தால் தெளிவாக விளங்கும். சளியை ரத்த அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டில் தடவி 35 டிகிரியில் வைத்தால், 24 மணி நேரத்தில் சூடோமோனாஸ் தட்டு முழுக்கப் படர்ந்துவிடும். ஓரம் ஒழுங்கில்லாத, உலோக மினுக்கம் கொண்ட திட்டுகள். மூடியைத் திறந்தால் கறுப்புத் திராட்சை வாசனை. நாள்பட்ட நோயாளியின் சூடோமோனாஸ் என்றால் திட்டுகள் பளபளவென்று, ஊறவைத்த சப்ஜா விதை மாதிரி கொழகொழப்பாக இருக்கும். இந்த வெள்ளத்துக்கு அடியில் ஸ்டெஃபிலோகாக்கஸ் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதற்காக 7.5 விழுக்காடு உப்புப் போட்ட மானிட்டால் அகாரில் தனியாகத் தடவ வேண்டும். அந்த உப்பில் சூடோமோனாஸ் எழாது, ஸ்டெஃபிலோகாக்கஸ் சாதாரணமாக வளர்ந்து தட்டை மஞ்சளாக்கும். குறுங்குடி வகையோ அங்கேயும் 24 மணி நேரத்தில் தலை காட்டாது. 48 மணி, 72 மணி என்று காத்திருந்தால் ஊசிமுனை அளவுப் புள்ளிகள் தெரியும், சாதாரணத் திட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மஞ்சள் நிறமும் பல நேரம் வராது. முதல் நாளே தட்டைப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டால் அது இல்லை என்றே ரிப்போர்ட் போகும்.

ஆகவே சளி அனுப்பும்போது படிவத்தில் நோயின் பெயரை எழுதியே ஆக வேண்டும். 'இருமல்' என்று மட்டும் எழுதிப் போனால் ஆய்வுக்கூடம் சாதாரண நிமோனியாவுக்குச் செய்வதைத்தான் செய்யும். எச்சில் கலந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பவும் கூடும். நோயின் பெயர் இருந்தால் உப்புத் தட்டு, ஹீமோஃபிலஸுக்குச் சாக்லேட் அகார், செபேசியா என்ற கிருமிக்கான (அதைப் பற்றிப் பின்னால்) தனித் தட்டு எல்லாம் போடுவார்கள், தட்டைக் கூடுதல் நாள் வைத்திருப்பார்கள். சளியைக் காலையில், நெஞ்சுத் தட்டல் முடிந்ததும், வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு எடுப்பது நல்லது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடம் போய்ச் சேர வேண்டும், முடியாவிட்டால் 4 டிகிரி குளிரில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். இந்த ஊர் வெயிலில், மோட்டார் சைக்கிள் கூடைக்குள் அரை நாள் கிடந்த சளியில் வேகமாக வளர்கிறவைதான் மிஞ்சும். மற்றவை காணாமல் போயிருக்கும். ஈப்போ இங்கிருந்து கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். ஐஸ் பெட்டி ஒன்று கையில் இருந்தால் கவலையில்லை.

"ரிப்போர்ட்டுல இந்த மருந்துக்கு நேரா 'எஸ்'னு போட்டிருக்கே டாக்டர், அப்புறம் ஏன் புள்ளைக்குச் சளி குறைய மாட்டேங்குது?" என்று அம்மாக்கள் கேட்பது நியாயமான கேள்வி. 'எஸ்' என்றால் அந்த மருந்துக்குக் கிருமி பணியும், 'ஆர்' என்றால் பணியாது என்று பொருள். அந்த 'எஸ்' எப்படி வந்தது என்று பாருங்கள். தட்டிலிருந்து ஒரே ஒரு வகைத் திட்டை எடுத்து, கரைத்து, முல்லர்-ஹின்டன் அகாரில் பூசி, மருந்து வில்லை வைத்து, நல்ல காற்றோட்டத்தில் 16 முதல் 18 மணி நேரம் வளர்த்து, வில்லையைச் சுற்றி விழும் வட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். அங்கே சளி இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் இல்லை, மூச்சுமுட்டல் இல்லை. நெஞ்சுக்குள் இருப்பதோ சளியில் புதைந்த கட்டி கட்டியான கூட்டங்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு நிலையில். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் இந்த வட்டத்துக்கும் நோயாளி தேறுவதற்கும் ஒட்டுறவு குறைவு என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். மறுபக்கமும் உண்டு: 'ஆர்' என்று வந்ததற்காக டோப்ராமைசின் புகையை உடனே நிறுத்தத் தேவையில்லை. நேரடியாகப் புகையாக இழுக்கும்போது சளியில் சேரும் மருந்தின் அளவு, ஊசி வழி ரத்தத்தில் சேர்வதைவிடப் பல மடங்கு. வட்டத்தின் கணக்கு ரத்தத்துக்குப் போட்டது.

ஒருவரைத் துரத்தினால் அந்த வீட்டுக்கு யார் வருவார் என்ற கேள்வியும் இருக்கிறது. 2002-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இந்நோய்க் குழந்தைகளுக்கு ஸ்டெஃபிலோகாக்கஸ் அண்டாமல் இருக்க செஃபலெக்சினை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் குறைந்தது. சூடோமோனாஸ், மருந்து எடுக்காத குழந்தைகளைவிட இவர்களிடம் அதிகமாக வந்து உட்கார்ந்தது. நுரையீரல் நிலையில் லாபமும் இல்லை. பிரிட்டனில் வேறு மருந்தை, ஃபுளூகுளோக்சசிலினை, மூன்று வயது வரை தடுப்பாகக் கொடுக்கும் வழக்கம் நீண்ட காலம் இருந்தது. அமெரிக்கர்கள் தடுப்பு மருந்து வேண்டாம் என்றார்கள். என் பார்வையில் அமெரிக்கர்கள் பக்கம்தான் நியாயம் கூடுதல், குறிப்பாக அகலப் பரப்பில் கொல்லும் மருந்துகளைப் பொறுத்தவரை.

சண்டை என்றும் சண்டையாகவே இருப்பதில்லை. ஆண்டுகள் போகப் போகச் சூடோமோனாஸ் மாறுகிறது. மக்ஏ என்ற மரபணு பழுதாகி, ஆல்ஜினேட் என்ற பிசினை ஓயாமல் சுரக்கும் வகை தலைதூக்குகிறது. தட்டில் பார்த்த சப்ஜா விதைக் கொழகொழப்பு அதுதான். பிசினைச் செய்கிற வகை எச்.க்யூ.என்.ஓ.வையும் இரும்பு வலையையும் குறைத்துக்கொள்கிறது. பக்கத்து ஸ்டெஃபிலோகாக்கஸுக்கு மூச்சு வருகிறது, இரண்டும் ஒரே சளியில் வருடக்கணக்கில் குடித்தனம் நடத்துகின்றன. நாள்பட்ட சூடோமோனாஸ் தன் ஈட்டிகளையும் மழுங்கவிட்டுவிடும். ஆறாம் வகைச் சுரப்பு அமைப்பு என்ற ஒன்று பல பாக்டீரியாக்களிடம் உண்டு, பக்கத்து உயிரணுவுக்குள் விஷத்தைக் குத்தி இறக்கும் ஈட்டி அது. நுரையீரலில் பழகிப்போன சூடோமோனாஸ் இந்த ஈட்டியைப் பல நேரம் கைவிட்டுவிடுகிறது. ஈட்டியோடு வரும் புதியவர் முன் அது தாக்குப்பிடிப்பதில்லை. அப்படி வருபவர்தான் பர்கோல்டேரியா செபேசியா கூட்டம்.

அதற்குப் போகுமுன், காற்று வேண்டாதவர்களைப் பற்றி. சளியடைப்பின் நடுப்பகுதியில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை. அங்கே வந்து குவியும் வெள்ளணுக்களே அதைத் தின்று தீர்த்துவிடுகின்றன. வாயில் சாதாரணமாக வசிக்கும் பிரிவோடெல்லா, வெய்லோனெல்லா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் இங்கே பெருகுகின்றன. பல நோயாளிகளிடம் இவற்றின் எண்ணிக்கை சூடோமோனாஸுக்குக் குறையாது. வழக்கமான சளிப் பரிசோதனை காற்றில் வைத்து வளர்ப்பதால் பிரிவோடெல்லாவும் வெய்லோனெல்லாவும் எழுவதே இல்லை, மற்றவை 'வாய்க் கிருமிகள் கலந்து வளர்ந்தன' என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடும். அந்த வரிக்குள்தான் சமையற்கட்டு இருக்கிறது. சளியின் முக்கியப் புரதமான மியூசின், சர்க்கரைக் கிளைகள் அடர்ந்த பெரிய மூலக்கூறு. சூடோமோனாஸுக்கு அதை அப்படியே கடித்துத் தின்னத் தெரியாது. காற்று வேண்டாதவை மியூசினைச் சிதைத்து அசெட்டேட், புரோப்பியோனேட், அமினோ அமிலங்கள் என்று பந்தி போடுகின்றன. சூடோமோனாஸ் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறது. ஆக்சிஜன் தீர்ந்தாலும் அது கவலைப்படாது, சளியிலுள்ள நைட்ரேட்டை வைத்து மூச்சுவிடும். கட்டிப்பால் லோரியை நினைத்துக்கொள்ளலாம்.

பிரிவோடெல்லாவின் உபகாரம் சோற்றோடு நிற்பதில்லை. அவற்றில் சில வகைகள் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியை வெளியே விடுகின்றன. சூடோமோனாஸுக்கென்று ஊசியில் ஏற்றும் செஃப்டாசிடிம், சூடோமோனாஸைச் சென்று சேருமுன் வழியிலேயே அந்த நொதியால் உடைந்துவிடக்கூடும். ரிப்போர்ட்டில் சூடோமோனாஸுக்கு எதிரே 'எஸ்', நெஞ்சில் பலனில்லை. இதை எந்த வில்லை வட்டமும் காட்டாது.

மருந்தை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிடச் சளியை வெளியேற்றுவதில் நான் அதிகம் நம்பிக்கை வைப்பது இதனால்தான். அடைப்பு உடைந்தால் ஆக்சிஜன் உள்ளே வரும், சமையற்கட்டு கலையும், மருந்தும் உள்ளே போகும். புகை மருந்துகளின் வரிசை முக்கியம். முதலில் சால்புட்டமால், குழாய் விரிய. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து 7 விழுக்காடு உப்புநீர் 4 மி.லி. சால்புட்டமால் போடாமல் நேராக உப்புநீரை இழுத்தால் சிலருக்கு நெஞ்சு இறுகும். அதன்பின் தட்டல், ஊதல், இருமல். சளி வெளியேறிய பிறகு கடைசியாக டோப்ராமைசின் 300 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு முறை, 28 நாள் எடுத்து 28 நாள் நிறுத்த வேண்டும். டோர்னேஸ் ஆல்ஃபா இருந்தால் நாளுக்கு ஒரு முறை 2.5 மில்லிகிராம். செத்த வெள்ளணுக்களின் டி.என்.ஏ.வை நறுக்கிச் சளியைத் தளர்த்துவது அதன் வேலை. அதை வேறு மருந்தோடு ஒரே கப்பில் கலக்கக்கூடாது. வரிசையைத் தலைகீழாக்கி, அவசரத்தில் டோப்ராமைசினை முதலில் இழுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினால், மருந்து சளியின் மேல் படிந்து இருமலோடு வெளியே வந்துவிடும்.

வாரத்துக்கு மூன்று நாள் அசித்ரோமைசின் கொடுப்பது சூடோமோனாஸைக் கொல்வதற்காக இல்லை. அது கூட்டமாகக் கூடிப் பேசிக்கொள்ளும் சமிக்ஞைகளை மங்கச் செய்வதற்கும் அழற்சியைத் தணிப்பதற்கும்தான். ஆரம்பிக்குமுன் காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா சளியில் இல்லை என்று பார்த்தாக வேண்டும். தனியாக அசித்ரோமைசின் மட்டும் கொடுத்து அவற்றைப் பழக்கிவிட்டால் பிற்பாடு மருந்தே மிஞ்சாது. 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூன்று மருந்துக் கூட்டு மாத்திரை, பழுதான வாசலையே திறக்கவைக்கிறது, சளி வெகுவாகக் குறைகிறது. நாள்பட்டுக் குடியேறிய சூடோமோனாஸ் அதற்கும் பெரும்பாலும் வெளியேறுவதில்லை, எண்ணிக்கையில் குறைகிறது, அவ்வளவே. எல்லா மரபணு மாற்றங்களுக்கும் அது பலிக்காது. நம்மவர்களிடம் அரிய மாற்றங்கள் அதிகம் என்பதால், மரபணுப் பரிசோதனை முடிவு கைக்கு வராமல் அதில் ஆசை வைக்க வேண்டாம்.

இப்போது செபேசியா. 1950-ல் வால்டர் பர்கோல்டர் என்ற தாவர நோயியலாளர், அழுகிய வெங்காயத்தில் இதைக் கண்டு விவரித்தார். செபேசியா என்ற பெயரே லத்தீன் வெங்காயத்திலிருந்து வந்தது. இந்நோயாளிகளில் சிலருக்கு இது காய்ச்சலும் நிமோனியாவுமாக வேகமாகக் கொண்டுபோய்விடும். ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும். மேல்நாடுகளில் இந்நோய்ப் பிள்ளைகளுக்கென்று நடத்திய கோடை முகாம்களை நிறுத்தியதே இதனால்தான். நோயாளிகள் இருவர் இரண்டு மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்ற விதி அங்கிருந்து வந்தது. ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் நோய் இருந்தால் இரண்டு மீட்டர் எங்கே போவது? குறைந்தபட்சம் புகைக் கருவி ஆளுக்கொன்று, தட்டல் நேரம் வெவ்வேறு, முடிந்தால் வெவ்வேறு அறை.

செபேசியாவின் ஒன்றுவிட்ட சகோதரன் நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறான், காலடி மண்ணில். 1911-ல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி.எஸ். கிருஷ்ணசாமியும் ஒரு புதிய தொற்றைக் கண்டு, 1912-ல் அதைப் பற்றி எழுதினார்கள். நோய்க்கு விட்மோர் நோய் என்று பெயர் விழுந்தது. கிருஷ்ணசாமியை யாரும் நினைவில் வைக்கவில்லை. அடுத்த ஆண்டே கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் விலங்குக் கூடத்தில் அது தலைகாட்ட, அங்கே ஆராய்ந்த ஸ்டான்டனும் ஃபிளெட்சரும் 1921-ல் அதற்கு மெலியாய்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். கிருமி பர்கோல்டேரியா சூடோமாலை. மழைக்காலத்துச் சேற்றிலும் தேங்கிய நீரிலும் இருக்கும். நீரிழிவுக்காரர்களைத் தேடிப் பிடிக்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம். இந்த வட்டாரத்துக்கு வந்துபோன மேல்நாட்டு நோயாளிகளே தொற்றோடு திரும்பியிருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் இதை செபேசியா என்றோ ஏதோ ஒரு சூடோமோனாஸ் என்றோ தவறாகப் படிக்க வாய்ப்புண்டு. ஆக்சிடேஸ் சோதனையில் நிறம் மாறி, ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அசையாமல், அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்குப் பணிந்தால் சந்தேகப்பட வேண்டும். சரவாக்கில் ஜென்டமைசினுக்குச் சாகும் வகையும் இருக்கிறது, ஆகவே அங்கே இந்த விதி பிசகும். சிகிச்சை குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசியில் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம், அதற்குப் பின் மூன்று மாதம் கோ-டிரைமோக்சசோல் மாத்திரை. மூன்று மாதத்தைப் பாதியில் நிறுத்துபவர்களுக்குத்தான் திரும்ப வருகிறது. பிள்ளையை லம்பத்தில் (பழைய ஈயச் சுரங்கக் குட்டையில்) மீன் பிடிக்கவும், மழை நாளில் கால்வாயில் இறங்கவும் விடக்கூடாது. மூட்டையில் அழுகிய வெங்காயத்தைப் பொறுக்குவதும் வேறு ஆள் செய்யட்டும்.

வீட்டுக்குள் சூடோமோனாஸும் செபேசியாவும் நுழைய எளிதான வழி, புகைக் கருவியின் ஈரமான கப். இழுத்து முடித்ததும் கப், மூடி, வாயில் வைக்கும் பகுதி மூன்றையும் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பில் தேய்த்துக் கழுவ வேண்டும். காய்ந்த மருந்துப் படலத்தின் அடியில் கிருமி பத்திரமாக இருக்கும், ஆகவே கழுவாமல் நேரே கொதிக்கவைப்பதில் பயன் குறைவு. கழுவியபின் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது முழுக்க மூழ்கவைத்து 5 நிமிடம். கைக்குழந்தைப் புட்டிகளுக்கு விற்கும் மின் நீராவிப் பெட்டியும் நன்றாக வேலை செய்யும். கொதிக்கவைக்க முடியாத பாகத்தை 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 5 நிமிடம், அல்லது 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடில் 30 நிமிடம் ஊறவைக்கலாம். ஆனால் அப்படி ஊறவைத்ததைக் கழுவும் தண்ணீர் கிருமி நீக்கிய (ஸ்டெரைல்) தண்ணீராக இருக்க வேண்டும். பைப் தண்ணீரில் அலசினால் செய்ததெல்லாம் வீண். வினிகர் வேண்டாம், சூடோமோனாஸுக்கு அது போதாது. மணமுள்ள கிருமிநாசினித் தண்ணீரும் வேண்டாம். செபேசியா கூட்டம் கிருமிநாசினிப் புட்டிக்குள்ளேயே வளர்ந்து, அந்தப் புட்டிகளைச் சந்தையிலிருந்து திரும்ப வாங்கிய நிகழ்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

அதிகம் தவறுவது கடைசிக் கட்டம், காயவைப்பது. நம் காற்றில் ஈரம் அதிகம், கப்பின் உள்மடிப்பில் நின்ற சொட்டு ராத்திரி முழுக்க அப்படியே நிற்கும். காய்வதற்குள் ஜிப் பையில் போட்டு மூடினால் காலையில் அது சூடோமோனாஸ் ஊறல். நன்றாக உதறி, சுத்தமான காகிதத் துண்டின் மேல் கவிழ்த்து, சிங்க்கிலிருந்து தள்ளி, அடுப்பங்கரைத் துணி படாத இடத்தில் வைக்க வேண்டும். சிங்க்கின் வடிகால் வாய் சூடோமோனாஸின் சொந்த ஊர், பைப்பைத் திறந்தால் தெறிக்கும் துளியில் அது ஏறி வரும். இரண்டு கப் வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஒன்று காய நேரம் கிடைக்கும். மிஷினிலிருந்து வரும் டியூபைக் கழுவக்கூடாது. உள்ளே ஈரம் தெரிந்தால் கப்பைக் கழற்றிவிட்டு மிஷினை மட்டும் சில நிமிடம் ஓடவிட்டால் காற்றே அதை உலர்த்திவிடும். அப்படியும் உள்ளே பனித்தது மாதிரி இருந்தால் டியூபை மாற்றிவிடலாம்.